ஃப்ளை ஃபிஷிங்ல ஆளுக்கொரு மூலையில நிக்கிறாங்களே, அதுல பாசம் எங்கருந்து வருது?

கேள்வி கேட்டவர் நியூஜெர்சிக்குப் புதுசா வந்தவர். அவரோட ஆபீஸ் மேனேஜர் வருஷாவருஷம் ஏப்ரல் கடைசியில தன் அப்பாவையும் பையனையும் கூட்டிக்கிட்டு நியூயார்க் மாநிலத்துல ராஸ்கோங்கிற சின்ன ஊருக்கு ஃப்ளை ஃபிஷிங் போவாராம், அதாவது முள்ளுல இறகைப் பூச்சி மாதிரி கட்டி ட்ரவுட்ங்கிற மீனைப் பிடிக்கிறது, இந்தத் தடவை இவரையும் கூப்பிட்டிருக்கார். போய்ப் பார்த்தா மதியம் ரெண்டு மணி வரைக்கும் கரையில சும்மா உக்காந்திருந்தாங்க, அப்புறம் திடீர்னு எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கி ஆளுக்கு ஒரு மூலையில நின்னாங்க, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே இல்ல, பிடிச்ச மீனையும் திரும்ப விட்டுட்டாங்க. "இதைத்தான் அவர் குடும்பத்தோட இருக்கிற நேரம்னு சொல்றார், எனக்குப் புரியவே இல்ல, இதுல நட்பும் பாசமும் எங்க இருக்கு?"ன்னு கேக்கிறார்.

நல்ல கேள்விங்க. நான் அதே ஆத்துல 15 வருஷமா நிக்கிறேன், எனக்கும் முதல் வருஷம் இதேதான் தோணுச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த ரெண்டு மணி சமாச்சாரம். அவங்க சும்மா உக்காந்திருக்கல, பூச்சிக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. நம்ம ஊர்ல மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்புமே, அது மாதிரி இந்த ஆறுகள்ல மேஃப்ளைன்னு ஒரு பூச்சி இருக்கு. ஏறக்குறைய ஒரு வருஷம் தண்ணிக்கடியில கல்லுக்குக் கீழ றெக்கை இல்லாத குஞ்சுப் பூச்சியா கிடந்துட்டு, ஒரு நாள் மேல வந்து தோலை உரிச்சு, றெக்கையை பாய்மரம் மாதிரி நிமித்தி வச்சுக்கிட்டு தண்ணி மேல மிதந்து போகும், றெக்கை காஞ்சதும் பறந்துரும். அதுக்கப்புறம் இன்னொரு தடவை தோல் உரிக்கும், றெக்கை முளைச்ச பிறகும் தோல் உரிக்கிற பூச்சி உலகத்துலயே இது ஒண்ணுதான். சாப்பிடற வாயே கிடையாது, ஒண்ணு ரெண்டு நாள்ல ஜோடி சேர்ந்து தண்ணியில முட்டை விட்டுட்டு செத்துரும். ஏப்ரல் கடைசியில இந்தப் பக்கம் வர்ற வகை பெரும்பாலும் மதியம் ரெண்டுலருந்து நாலு மணிக்குள்ள தண்ணி கொஞ்சம் சூடேறின நேரத்துலதான் எழும்பும். அந்த நேரத்துல மீன் மேல வந்து ஒவ்வொண்ணா உறிஞ்சும், மத்த நேரம் அடியிலயே கிடக்கும். அதனாலதான் ரெண்டு மணி வரைக்கும் கரை, அப்புறம் ஓட்டம். அந்தக் காலை நேரம் முழுக்க கரையில என்ன பேசினாங்கன்னு கவனிச்சீங்களா? போன வருஷம் யாரு எந்தக் கல்லுக்குப் பின்னாடி எதைத் தவறவிட்டா, இந்த வருஷம் வராமப் போனவர் யாரு, தாத்தாவோட தாத்தா எப்படி ரயில்ல வந்தார், எல்லாம் அங்கதான் வரும். பூச்சி வராத நேரம்தான் பேச்சு நேரம்.

இப்ப அந்த வீச்சு. நம்ம ஊர் தூண்டில்ல ஈயக்குண்டு இருக்கும், இல்லன்னா தக்கை, புழுன்னு ஏதோ ஒரு கனம் இருக்கும், அந்தக் கனம் நரம்பை இழுத்துக்கிட்டுப் போகும். இதுல முள்ளுல கட்டியிருக்கிறது அந்தப் பூச்சி மாதிரியே செஞ்ச ஒரு இறகுத் துணுக்கு, அதையும் பூச்சின்னுதான் சொல்வோம், கையில வச்சா வச்ச மாதிரியே தெரியாது, அதை எப்படி 40 அடி வீசுவீங்க? அதுக்காகத்தான் நரம்பையே கனமா செஞ்சிருக்காங்க, மஞ்சளோ பச்சையோ தடிமனா ஒரு லைன், அதை முதல்ல பின்பக்கம் வீசி, காத்துல அது முழுசா நீளுற வரைக்கும் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் முன்பக்கம் வீசணும். அந்தப் பின்வீச்சு சரியா இருந்தாத்தான் முன்வீச்சு சரியா இருக்கும், பின்னாடி லைன் தொங்கிப் போச்சுன்னா முன்னாடி கயிறு கொத்தா காலடியிலயே விழும்.

ஆனா பாருங்க, பின்வீச்சு நடக்கிறது உங்க முதுகுக்குப் பின்னாடி. உங்களுக்கு அது தெரியாது. பக்கத்துல நிக்கிறவருக்குத்தான் தெரியும். புத்தகம் படிக்கலாம், வீடியோ பார்க்கலாம், அதெல்லாம் பாதி தூரம்தான் கொண்டுபோகும், "இப்ப அவசரப்பட்டுட்டே, இன்னும் கொஞ்சம் நிறுத்து"ன்னு சொல்ல ஒரு மனுஷன் பக்கத்துல நிக்கணும், அதுவும் தன்னோட மீன்பிடி நேரத்தை விட்டுட்டு நிக்கணும். நட்பும் பாசமும் எங்கன்னு கேட்டீங்கல்ல, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது அங்கதான் இருக்கு. இந்த வித்தையைத் தனியா கத்துக்கிட்டேன்னு சொல்ற யாரையும் நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி ஒரு அப்பா, ஒரு சித்தப்பா, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் நின்னிருப்பார்.

எனக்கு நின்னது பக்கத்து வீட்டுப் பெரியவர். மனைவி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு அவருக்கு, நான் பனி வாரிக் குடுத்ததுலதான் பழக்கம். ஒரு ஏப்ரல்ல வீட்டுக்குப் பின்னாடி புல்தரையில ஒரு தட்டை வச்சு, முள்ளே இல்லாத தூண்டில் கம்பியைக் கையில குடுத்து, இதுல விழ வைன்னார். மூணு வாரம் சாயங்காலம் சாயங்காலம் அதுதான். மணிக்கட்டை மடக்காதே, முழங்கையால வீசு, கடிகாரத்துல பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல நிறுத்து, இதையே எத்தனை தடவை சொன்னார்னு கணக்கே இல்ல, ஒரு நாள் கூட குரல் உசத்தல. முதல் தடவை ஆத்துக்குப் போனப்ப அவர் தன் கம்பியைப் பிரிக்கவே இல்ல, பகல் முழுக்க என் இடது தோளுக்குப் பின்னாடியே நின்னார். அன்னிக்கு மதியம் பூச்சி அப்படிக் கிளம்புச்சு, சுத்தி மீன் எகிறுது, அவர் பிடிச்சிருக்கலாம், பிடிக்கல. அதோட மதிப்பு எனக்குப் பல வருஷம் கழிச்சு, நானும் அப்படி நின்னப்பத்தான் தெரிஞ்சுச்சு.

சரி, அந்த ஊரைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா உங்க மேனேஜர் குடும்பம் நின்ன ஆத்துல நட்போட கதை ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சு கிடக்கு. ராஸ்கோவுலதான் பீவர்கில் ஆறும் வில்லோவீமாக் ஆறும் சேருது, நம்ம பாஷையில சொன்னா கூடுதுறை. அங்க ரெண்டு தலை ட்ரவுட் ஒண்ணு வாழுதுன்னு கதை சொல்வாங்க, எந்த ஆத்துல ஏறுறதுன்னு முடிவு பண்ண முடியாம நின்னு நின்னே ரெண்டு தலை முளைச்சிருச்சாம், குழந்தைங்களுக்கு அதைச் சொல்லாம யாரும் அந்தப் பாலத்தைத் தாண்ட மாட்டாங்க. அந்த ஆறுகளோட சொந்த மீன் ப்ரூக் ட்ரவுட். 1800கள்ல அந்த ஊரைச் சுத்தி இருக்கிற கேட்ஸ்கில் மலையில ஹெம்லாக் மரத்தைக் கண்டபடி வெட்டினாங்க, பட்டை தோல் பதனிடுறதுக்கு வேணும். நிழல் போச்சு, தண்ணி சூடாச்சு, தோல் கழிவு வேற, மீன் ரொம்பக் குறைஞ்சு போச்சு. இப்ப நீங்க பார்த்தது பெரும்பாலும் ப்ரவுன் ட்ரவுட்டா இருக்கும், அது ஐரோப்பாவுலருந்து வந்தது. வந்த விதமே ஒரு நட்புலதான். 1880ல பெர்லின்ல நடந்த மீன்வளக் கண்காட்சிக்குப் போன ஃப்ரெட் மேதர்ங்கிற அமெரிக்கர், அங்க ஃபான் பேர்ங்கிற ஜெர்மன் பிரபுவோட சிநேகமாகி அவர்கூட மீன் பிடிக்கப் போனார், அந்த மீன் மேல ஆசைப்பட்டார். 1883ல அந்த பிரபு கப்பல்ல முட்டைகளை அனுப்பி வச்சார், நியூயார்க் லாங் ஐலண்ட்ல கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர் பண்ணையில அதைப் பொரிக்க வச்சாங்க. ப்ரூக் ட்ரவுட்டை விட இது கொஞ்சம் சூடு தாங்கும், ஆனா சந்தேகப் பேர்வழி, சுலபத்துல ஏமாறாது.

இந்தச் சந்தேகப் பேர்வழிக்காகத்தான் தியடோர் கார்டன்னு ஒருத்தர் தலையை உடைச்சுக்கிட்டார். உடம்பு சரியில்லாத மனுஷன், நெவர்சிங்க் ஆத்தங்கரையில தனியா வாழ்ந்தவர். இங்கிலாந்துல மிதக்கும் பூச்சிகளைக் கட்டிக்கிட்டிருந்த ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுத, 1890ல அவர் ஒரு செட் பூச்சிகளையே அனுப்பிட்டார். ஆனா அது அமைதியா ஓடுற இங்கிலாந்து ஆத்துக்குக் கட்டினது, கேட்ஸ்கில் மலை ஆறு கல்லுல மோதி ஓடுறது, அதனால கார்டன் தன் ஆத்துப் பூச்சியைப் பார்த்துப் பார்த்து வேற மாதிரி கட்டினார். க்வில் கார்டன்னு அவர் பேர்லயே இருக்கிற பூச்சியோட உடம்பு என்ன தெரியுமா, உரிச்ச மயிலிறகு ஈர்க்கு! மயில் தோகைக் கண்ணுல இருக்கிற ஒரு இழையை எடுத்து, ரோமத்தை வழிச்சுட்டு முள்ளைச் சுத்திச் சுத்திக் கட்டினா, கருப்பும் வெளுப்புமா வளையம் வளையமா, அச்சு அசல் பூச்சி வயிறு. என் பொண்ணுக்கு அதைக் காட்டினப்ப நோட்டுக்குள்ள மயிலிறகு வச்சு குட்டி போடும்னு நம்பின என் ஸ்கூல் நாளெல்லாம் ஞாபகம் வந்துருச்சு, அதையும் அவகிட்ட சொன்னேன். 1915ல கார்டன் இறந்துட்டார். அவர் மீன் பிடிச்ச இடத்துல நிறைய, நியூயார்க் நகரத்துக் குடிதண்ணிக்காகக் கட்டின நெவர்சிங்க் அணைக்கு அடியில இருக்கு இப்ப.

அவர் தனியாளா இருந்தும் வித்தை சாகல, ஏன்னா லிபர்ட்டி ஊர்ல தபாலாபீஸ்ல வேலை பார்த்த ராய் ஸ்டீன்ராட்ங்கிற நண்பருக்கு அதை நேர்ல சொல்லிக் குடுத்திருந்தார். அந்த ஸ்டீன்ராட் 1916ல தன் சிநேகிதர் ஹெண்ட்ரிக்சனோட பீவர்கில்ல மீன் பிடிச்சுக்கிட்டிருந்தப்ப ஒரு பூச்சி கூட்டமா கிளம்புச்சு, மீனெல்லாம் பைத்தியம் பிடிச்ச மாதிரி மேல வருது, கையில இருக்கிற எதுவும் அதுக்குப் பொருந்தல. மதியச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அதே மாதிரி ஒண்ணைக் கட்டினார், நரியோட வயித்து ரோமத்துல உடம்பு, வாத்து இறகுல றெக்கை. பிறகு அதுக்கு என்ன பேர்னு ஒரு பேச்சு வந்தப்ப கூட இருந்த நண்பன் பேரையே வச்சுட்டார், ஹெண்ட்ரிக்சன்னு. நீங்க ரெண்டு மணிக்குப் பார்த்தீங்களே, ஏப்ரல் கடைசிப் பூச்சி, அது பெரும்பாலும் அதேதான், இயற்கையில பறக்கிற பூச்சியையே இப்ப எல்லாரும் ஹெண்ட்ரிக்சன்னுதான் கூப்பிடுறாங்க. ஒரு நண்பனோட பேர் நூறு வருஷத்துக்கு மேல, வசந்தம் வந்தா ஆத்தங்கரை பூராவும் ஆள் ஆளுக்குச் சொல்றாங்க, "ஹெண்ட்ரிக்சன் வந்துருச்சா?"ன்னு. ஸ்டீன்ராட் பின்னாடி வனவிலங்குக் காவலரா ஆகி, சாரணர் முகாம் பசங்களுக்குப் பூச்சி கட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்தார், அதுவும் எனக்குப் பிடிச்ச விஷயம்.

எல்லாரும் அப்படித் தாராளமா இருந்துரல. 1920கள்ல ரூப் கிராஸ்னு பூச்சி கட்டுறதுல பெரிய கைகாரர் ஒருத்தர் இருந்தார், ராஸ்கோ பையன் வால்ட் டெட்டி போய் சொல்லிக் குடுங்கன்னு கேட்டதுக்கு மாட்டேன்னுட்டார். வால்ட் என்ன பண்ணினார்னா அவரோட பூச்சிகளையே காசு குடுத்து வாங்கி, ஒவ்வொரு சுத்தா பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்து, எது முதல்ல எது அப்புறம்னு கத்துக்கிட்டார், கூடவே வருங்கால மனைவி வின்னியும் பள்ளித் தோழன் ஹாரி டார்பியும். 1928ல ஆரம்பிச்ச டெட்டி குடும்பக் கடை, வால்ட், வின்னிக்கு அப்புறம் மக மேரி, அப்புறம் மேரியோட பேரன்னு இன்னும் அந்தப் பக்கத்துலயே நடக்குது. ஹாரி கொஞ்ச நாள் டெட்டிகளோட சேர்ந்து தொழில் பண்ணிட்டு, அங்க பூச்சி கட்ட வந்த எல்சியையே கல்யாணம் பண்ணித் தனியாப் போனார், ரெண்டு தம்பதியும் ஆயுசு பூராவும் பக்கத்துப் பக்கத்துல இதே தொழில்தான். ஹாரி சாம்பல் நீல இறகுக்காகவே சேவல் வளர்த்தவர், அந்த நிறம் அப்பல்லாம் கடையில சுலபமா கிடைக்காது, அந்தச் சேவல் வம்சத்து முட்டைகளை மின்னசோட்டாவுல இருந்த ஒரு நண்பருக்குக் குடுத்தார், பின்னாடி அமெரிக்காவுல பெரிய அளவுல இறகுக்காகக் கோழி வளர்த்தவங்க கைக்கு அந்த ரத்தம் போய்ச் சேர்ந்துச்சு. நீங்க கடையில வாங்குற பூச்சியோட கழுத்து இறகுல கூட அந்தச் சேவலோட பங்கு இருக்கலாம்.

பொம்பளைங்க கதையையும் விடக்கூடாது. ஜோன் வுல்ஃப், நியூஜெர்சி பேட்டர்சன்ல 1926ல பிறந்தவங்க. அப்பா தம்பிக்கு வீசக் கத்துக் குடுத்தார், இவங்களைக் கூப்பிடல. பத்து வயசுல அம்மாகிட்ட கேட்டு அப்பாவோட கம்பியை எடுத்துக்கிட்டுக் குளத்துக்குப் போய் வீசினப்ப கம்பியோட நுனித் துண்டு கழண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு. பயந்து போய் நின்ன பொண்ணுக்காக பக்கத்து வீட்டுக்காரர் வாரியை விட்டுத் துழாவி எடுத்துக் குடுத்தார். அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் திட்டுறதுக்குப் பதிலா அடுத்த வாரத்துலருந்து தன் கூடவே க்ளப்புக்குக் கூட்டிட்டுப் போனார். அந்தப் பொண்ணு பின்னாடி தேசிய சாம்பியன் ஆகி, 1960ல 161 அடி தூரம் வீசினாங்க, 1979ல கணவர் லீ வுல்ஃபோட சேர்ந்து பீவர்கில் மேல்பக்கத்துல ஒரு பள்ளிக்கூடமே ஆரம்பிச்சாங்க. 1996ல வெர்மான்ட்ல ஆரம்பிச்ச காஸ்டிங் ஃபார் ரிகவரின்னு ஒரு அமைப்பும் இருக்கு, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கைக்கும் தோளுக்கும் குடுக்கிற பயிற்சி மாதிரியே இந்த வீச்சும் இருக்கிறது ஒரு காரணம், அதே வலியைத் தெரிஞ்ச நாலு பேர் பக்கத்துல நிக்கிறது இன்னொண்ணு.

மீனை ஏன் விட்டாங்கன்னு கேட்டீங்க. விலை குடுத்து அவ்வளவு தூரம் போய் விடுறதான்னு நம்ம ஆளுங்க எல்லாருமே கேக்கிற கேள்வி. மேல சொன்ன லீ வுல்ஃப் 1939லயே இதைப் பத்தி எழுதிட்டார், நல்ல மீனை ஒரு தடவையோட தீர்த்துரக்கூடாது, விட்டா அடுத்தவனும் பிடிப்பான்ங்கிறது அவர் கட்சி. அந்த ஆத்துல சில பகுதியில சட்டப்படியே விட்டுத்தான் ஆகணும். உங்க மேனேஜர் பிடிச்ச மீன் அவர் அப்பா போன வருஷம் விட்ட மீனா இருக்க வாய்ப்பிருக்கு, அவர் பையன் அடுத்த வருஷம் பிடிக்கப்போறதும் அதுவா இருக்கலாம். விடுறதுக்கும் முறை இருக்கு, கையை நனைச்சுட்டுத்தான் தொடணும், இல்லன்னா அதோட வழுவழுப்பு உரிஞ்சுரும், தண்ணியை விட்டு ரொம்ப நேரம் தூக்கக்கூடாது, முள்ளுல எதிர்க்கொக்கி இருக்கக்கூடாது. தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டின நாள்ல பிடிக்கவே கூடாது, சூட்டுல அதுக்கு மூச்சு முட்டும், விட்டாலும் பிழைக்காது. ஜூலை, ஆகஸ்ட்ல தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துட்டு, ஒரு தடவை கூட வீசாம அப்படியே வண்டியைத் திருப்பிட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன், எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை.

எங்கப்பா அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணியில புழு கோத்து கெண்டையும் கெளுத்தியும் பிடிச்சு வளர்ந்தவர். ஒரு மே மாசம் இங்க வந்தப்ப ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கரையில மடக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சேன், நான் நடு ஆத்துல அரை மணி நேரமா வீசுறேன், ஒண்ணும் இல்ல. அப்பா எழுந்து வந்து குடையால காட்டினார், "அங்க எதுக்குப்பா போடுறே, அந்தக் கல்லுக்கு இந்தாண்ட தண்ணி சுழிச்சு நிக்குது பாரு, மீனு அதுல நின்னுக்கிட்டுதான் ஓட்டத்துல வர்றதைத் திங்கும்"னார். இந்தக் கம்பியை வாழ்க்கையில முதல் தடவை பார்க்கிறவர், ட்ரவுட்டை அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. அங்க போட்டேன், மூணாவது வீச்சுல எடுத்துச்சு. கையை நனைச்சுக்கிட்டு அவரே பிடிச்சார், சிவப்புப் புள்ளியைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கும்ல, அதை விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தார், "இதைக் கொழம்பு வைக்க மனசு வராது"ன்னுட்டு அவரே விட்டார். நம்ம நீலகிரியிலயும் ட்ரவுட் இருக்கு, அவலாஞ்சியில 1907ல வெள்ளைக்காரங்க காலத்துலயே குஞ்சு பொரிக்கிற பண்ணை வச்சாங்கன்னு நான் சொன்னப்ப, இத்தனை வருஷம் ஊட்டிக்குப் போய் போட் ஹவுஸை மட்டும் பார்த்துட்டு வந்துட்டோமேன்னு வருத்தப்பட்டார். அடுத்த தடவை அவரோட அவலாஞ்சி போகணும்னு பேசி வச்சிருந்தோம். போக முடியல.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கடைசி ரெண்டு மூணு வருஷம் கண்ணு மங்கிருச்சு, முள்ளோட ஓட்டையில நரம்பைக் கோக்க முடியாது, முள்ளு அரிசி அளவுதான், நரம்பு தலைமுடி மாதிரி. அவர் கம்பியை நீட்டுவார், நான் கோத்து முடிச்சுப் போட்டுக் குடுப்பேன், எச்சில் தொட்டு இறுக்கணும், அது வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். இப்ப எனக்கும் வெள்ளெழுத்து வந்துருச்சு, என் பொண்ணு கோத்துக் குடுக்கிறா. உங்க மேனேஜர் பையன் தாத்தாவுக்கு அப்படிக் கோத்துக் குடுத்திருப்பான், நீங்க தூரத்துல நடந்த மீன்பிடியைப் பார்த்ததுல இது கண்ணுல பட்டிருக்காது.

அதனால அடுத்த வருஷமும் கூப்பிட்டா போங்க. நியூயார்க் மாநில லைசென்ஸ் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துருங்க, 16 வயசு ஆன எல்லாருக்கும் வேணும். தண்ணிக்குள்ள இறங்குற ரப்பர் உடுப்புக்கு இடுப்பு பெல்ட் கட்டாம இறங்காதீங்க, வழுக்கி விழுந்தா உள்ள தண்ணி நிரம்பிரும், ஏப்ரல் தண்ணி எலும்பு வரைக்கும் குளிரும். கம்பி வாங்க இப்பவே செலவு பண்ண வேணாம், அவங்ககிட்ட கண்டிப்பா ஒண்ணு அதிகமா இருக்கும், எல்லார்கிட்டயும் இருக்கும். புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிட்டுப் போங்க, காலை பத்து மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் கரையில நிறைய நேரம் இருக்கு. மேனேஜர்கிட்ட கேக்காதீங்க, அந்தத் தாத்தாகிட்ட போய், எனக்கு வீசத் தெரியாது, கொஞ்சம் பின்னாடி நின்னு பாக்கறீங்களான்னு கேளுங்க.